அகஸ்டினாவின் படபடப்பு

போன வருடம் வரை, காலை பத்து மணியானால் அகஸ்டினாவால் ஓரிடத்தில் இருக்க முடியாது. நெஞ்சு திக்குத்திக்கென்று அடிக்கும், விரல்கள் நடுங்கும், உள்ளங்கை வேர்க்கும். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு வேலை. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டால் பதினொரு குழந்தைகளுக்கும் மாலை வரை அவள்தான் பொறுப்பு. தொட்டிலை ஆட்டுவாள், பால்மா கரைப்பாள், துடைத்த தரையையே மறுபடி துடைப்பாள்.

"சித்த நேரம் உக்காருங்களேன் அக்கா" என்பார்கள் குழந்தையை விட வரும் பெண்கள். உட்கார்ந்தால் நினைப்பு வரும். அதனால் உட்காரமாட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. முதுகெலும்பு மூடாமல் பிறந்த பிள்ளை. இரண்டாம் நாளே போய்விட்டது. பிள்ளையின் முதுகும் மூளையும் சரியாக உருவாக வேண்டும் என்று தோட்டத்து மருத்துவமாது தனுஜா மிஸ் கல்யாணமான புதிதிலேயே தினமும் விழுங்க ஃபோலிக் குளிசை கொடுத்திருந்தார். அகஸ்டினா அதை ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வேறு பேச்சு ஓடியது. குளிசையை வீசிவிட்டு விடிந்ததிலிருந்து கோப்பியாகக் குடித்துத் திரிந்தாளாம், பிள்ளை எப்படித் தங்குமாம்.

அவள் கணவன் ஜோன்சன் த்ரீவீல் ஓட்டுகிறவன். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்று ஒரே ஒரு தடவை கேட்டான்.

"நெசமா சொல்லு அகஸ்டி. குளிசைய ஒழுங்கா போட்டியா?"

"போட்டேங்க."

அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நம்பினானா இல்லையா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. சோறு போடும்போதும் துணி துவைக்கும்போதும் அது முள்ளாக உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

போன வருடம் இன்னொரு பிள்ளை வேண்டும் என்று இருவருக்கும் ஆசை வந்தது. ஆசையோடு பயமும் வந்தது. பயத்தோடு படபடப்பும் கூடியது. "இதயத்துல ஏதோ கோளாறு போல" என்று சொல்லிப் பதுளைக்குப் பஸ் ஏறினாள் அகஸ்டினா. கிளினிக்கில் இருந்தவர் டொக்டர் நிசாந்தினி, யாழ்ப்பாணத்துக்காரர். இதயத்தைப் பரிசோதித்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றார்.

"ஒரு நாளைக்கு எத்தனை கோப்பி குடிக்கிறனீங்கள்?"

அகஸ்டினா கூனிக்குறுகிப் போனாள். லயத்துப் பேச்சு இங்கேயும் வந்துவிட்டதோ என்று தோன்றியது. "மூணு டாக்டர். எங்க வீட்டுக்காரரு ஆறு குடிப்பாரு. குடிச்ச கையோட தூங்கிருவாரு. அவருக்கு ஒண்ணும் ஆவுறதில்லையே."

"அவற்ற ஈரல் கோப்பியைக் கெதியா உடைச்சு வெளியில அனுப்புது. சில ஆக்களுக்குப் பிறப்பிலேயே அது மெதுவாத்தான் நடக்கும். விடிய குடிச்ச கோப்பி பின்னேரமும் உடம்பில நிக்கும். நீங்களும் அப்படித்தான் எண்டு நினைக்கிறன். ஒரு மாதம் விட்டுப் பாருங்கோ. பிள்ளைத்தாச்சியா இருக்கேக்க அது இன்னும் மெதுவாகும்."

பிறகு முதல் பிள்ளையைப் பற்றி விசாரித்தார். அப்படிப்பட்ட தாய்மாரின் இரத்தத்தை ஓர் ஆராய்ச்சிக்காகக் கொழும்புக்கு அனுப்புகிறோம், விருப்பமா என்று கேட்டார். அகஸ்டினா கையை நீட்டினாள். முன்பைவிடப் பல மடங்கு கூடின ஃபோலிக் குளிசையையும் அன்றே எழுதிக் கொடுத்தார்.

கோப்பியை விட்ட முதல் மூன்று நாளும் தலை பிளந்தது. குழந்தைகள் அழுதால் எரிந்து விழுந்தாள். இரண்டாவது வாரம் விரல் நடுக்கம் நின்றது. ஆனாலும் நெஞ்சின் மூலையில் ஒரு துடிப்பு மிஞ்சித்தான் இருந்தது. அதற்குக் கோப்பி காரணமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

நான்கு மாதம் கழித்து இரத்தச் சோதனை முடிவு வந்தது. அதற்குள் அவள் இரண்டு மாத கர்ப்பிணி. டொக்டர் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஃபோலிக்கை உடம்பு அப்படியே பாவிக்காது. மாத்தித்தான் பாவிக்கும். உங்கட உடம்பில அந்த வேலை கொஞ்சம் மந்தம். உங்கட அம்மாவிட்ட இருந்தும் அப்பாவிட்ட இருந்தும் அது உங்களுக்கு வந்திருக்கு."

"அதனாலதான் புள்ள..."

"அதால மட்டும்தான் எண்டு சொல்ல ஏலாது. இதே மாதிரி உடம்போட எத்தனையோ பேர் சுகமான பிள்ளையளைப் பெத்திருக்கினம். இந்தச் சோதனை இல்லாட்டியும் இதே மருந்தைத்தான் தந்திருப்பன். ஆனா ஒழுங்கா குளிசை போட்டும் சிலருக்கு இப்படி நடக்கும். அது உங்கட பிழை இல்லை."

வெளியே ஜோன்சன் த்ரீவீலோடு காத்திருந்தான். பதுளை டவுனைத் தாண்டி வண்டி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும், டொக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள். அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். திரும்பிப் பார்க்கவில்லை.

"புள்ளய பொதச்ச அன்னைக்கு ஒன் குளிசை அட்டைய எல்லாம் எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஒண்ணுகூட மிச்சமில்ல. அப்பவும் மனசு கேக்கல. வீசிட்டியோன்னு லயத்துக்குப் பின்னால அழுக்குத் தண்ணி ஓடுற கான்ல எறங்கித் தேடினேன்."

"கெடச்சிச்சா?"

"இல்ல."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

அவள் இறங்கி நடந்தாள். அரைக் கட்டை தூரம் அவள் முன்னே நடக்க, த்ரீவீல் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. கால் வலித்த பிறகுதான் ஏறினாள்.

ஐந்தாம் மாதம் ஸ்கேன். முறை வரும்வரை அகஸ்டினா வாங்கிலில் இருந்து எழுந்து யன்னலுக்கும், யன்னலில் இருந்து கதவுக்கும் நடந்தாள். தாதி இரண்டு தரம் உட்காரச் சொன்னாள். உள்ளே டொக்டர் திரையைக் காட்டினார்.

"இஞ்ச பாருங்கோ. பிள்ளையின்ர முதுகெலும்பு மேலயிருந்து கீழ வரைக்கும் வடிவா மூடியிருக்கு."

"இன்னொருக்கா பாருங்க டாக்டர்."

பார்த்தார்கள்.

"இன்னும் ஒருக்கா."

டொக்டர் முகம் சுளிக்காமல் மூன்றாவது தடவையும் காட்டினார். வீடு வந்து சேர்வதற்குள் அகஸ்டினாவுக்கு மறுபடி சந்தேகம் வந்துவிட்டது.

பெண் பிள்ளை, நல்ல சுகத்தோடு பிறந்தது. றொஷேல் என்று பெயர் வைத்தார்கள். ஞானஸ்நானத்தன்று லயத்தில் பாதிப் பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கேக் கொடுத்துக்கொண்டிருந்த ஜோன்சன் திடீரென்று நின்று, யாரும் கேட்காமலே சொன்னான்.

"மொதப் புள்ளைக்கும் இவ ஒரு குளிசைகூட விட்டதில்ல. எல்லாரும் தெரிஞ்சிக்குங்க."

இரண்டு பெண்கள் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருடம் பிந்தி வந்த அந்த வார்த்தை அகஸ்டினாவுக்கு ஆறுதலாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் நிற்கவும் முடியவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, தேயிலைக்கு நடுவே போகும் பாதையில் வேகமாக நடக்கத் தொடங்கினாள்.