ஜெனரலின் தங்கை

“கிளட்சை மெதுவா விடுங்க. மாமியார் மேல இருக்கிற கோவத்தையெல்லாம் கால்ல காட்டாதீங்க!”

ஹாரன் அக்கா சொல்லி வாய் மூடுவதற்குள் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. நின்ற இடம் காவல் நிலையத்துக்கு நேர் எதிரே. ஓட்டிக்கொண்டிருந்த தையல்காரப் பெண்ணுக்கு வியர்த்து வழிந்தது. அக்காவோ சாவகாசமாகக் கையை நீட்டி, ஸ்டியரிங்கின் நடுவில் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். தெருவே திரும்பிப் பார்த்தது. நிலையத்து மாடி ஜன்னலில் ஒரு போலீஸ் தொப்பி எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே போயிற்று.

“பார்த்துட்டான். போதும். ஃபர்ஸ்ட் கியர் போடுங்க.”

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊரில் பாதிப் பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய முடி. கறுப்புக் கண்ணாடியை உச்சந்தலையில் ஏற்றிவிட்டு, “எவ எடுத்தா?” என்று வண்டி முழுவதும் தேடுவார். பெப்பர்மின்ட் மிட்டாயைக் கடித்து நொறுக்கித்தான் தின்பார். வாயில் போட்டதைக் கரையவிடும் பொறுமைகூடக் கிடையாது. அவரிடம் யார் பாடம் படித்தாலும் வண்டி ஒருமுறையாவது காவல் நிலையத் தெருவுக்குள் நுழைந்தாக வேண்டும். ரிவர்ஸ் எடுத்துப் பழகுவது அந்த வாசலில்தான்.

அவருடைய அண்ணன் ராணுவத்தில் மேஜர் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு தங்கை வீட்டு மாடியிலேயே தங்கிவிட்டார். நாலு வருடத்துக்கு முன் ஒரு காலையில், “முடி வெட்டிட்டு வந்துடறேன்” என்று சொல்லிப் படியிறங்கினார். முடிதிருத்தும் கடை தெருமுனையில் இருக்கிறது. அங்கே அவர் போய்ச் சேரவில்லை. மேசையில் கைபேசி இருந்தது. குளித்துவிட்டுப் போட வேண்டிய சட்டை கட்டிலில் விரித்தபடி கிடந்தது.

“வயசானவர்மா, ஞாபகம் தப்பி எங்கயாவது போயிருப்பார்” என்றார் அப்போதிருந்த இன்ஸ்பெக்டர்.

“முந்தின நாள் சீட்டாட்டத்துல என்னை மண்ணைக் கவ்வ வச்சவருக்கா சார் ஞாபகம் தப்பும்?”

தெருமுனையில் ஒரு கேமரா உண்டு. அதில் பதிவானதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று மாதக்கணக்கில் சொன்னார்கள். பிறகு ஒருநாள், அன்றைக்கு அது பழுதாகியிருந்தது என்றார்கள். “பழுதான கேமராவுல இத்தனை மாசமா எதை சார் பார்த்தீங்க? உங்க மூஞ்சியையா?” என்று அக்கா போட்ட சத்தத்தில் நிலையத்துத் தொலைபேசி அடித்தது யார் காதிலும் விழவில்லையாம். ராணுவ அலுவலகத்துக்குப் போனால், ஓய்வு பெற்றவர் விஷயம், போலீசைக் கேளுங்கள் என்பார்கள். போலீசைக் கேட்டால், பெரிய அதிகாரி விஷயம், ராணுவத்தைக் கேளுங்கள் என்பார்கள். அடுத்து வந்த இரண்டு இன்ஸ்பெக்டர்களும் கோப்பைத் தேடுவதாகச் சொன்னார்களே தவிர, ஆளைத் தேடுவதாகச் சொல்லவில்லை.

தெருவாரின் வாய் சும்மா இருக்குமா? வெளிநாட்டுக்காரனிடம் ரகசியம் விற்றுவிட்டார், எங்கோ சின்னவீடு இருக்கிறது என்றெல்லாம் பேசினார்கள். “சின்னவீடு இருந்திருந்தா நானே போய்ச் சோறாக்கிப் போட்டிருப்பேனே, பாவிங்களா!” என்றார் அக்கா.

அண்ணன் மீதும் கோபம் உண்டு. மனம் சரியாக இருக்கும்போது “அண்ணன் சொல்வார்” என்பார்; கொதித்தால் “அவன்” ஆகிவிடும். வண்டியைக் கழுவும்போது பார்க்க வேண்டும். துணியால் கதவை அறைந்து துடைத்தபடி, “கூட வரட்டுமான்னு கேட்டேன். நான் என்ன குழந்தையான்னான். திமிர்! அவ்வளவு திமிர் அவனுக்கு!” என்பார். தண்ணீர் தன் ஷூவில் கொட்டிக்கொண்டிருப்பதுகூடத் தெரியாது.

போன மாதம் ஓய்வுபெற்ற அதிகாரிகள் சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். அவர் ஒரு கர்னல்; அண்ணனிடம் வேலை பார்த்தவர். சங்கக் கூடத்தில் ஜெனரலின் படம் திறக்கப் போகிறார்களாம்.

“இன்னும் எத்தனை நாளைக்கும்மா இப்படி? கௌரவமா முடிச்சுக்கலாமே.”

“எதை முடிக்கறது? தேடவே ஆரம்பிக்கலையே சார்.”

கர்னல் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். விழா மட்டும் நிற்கவில்லை.

அக்காவும் போனார். இஸ்திரி போட்ட சட்டைகளும் பளபளக்கும் காலணிகளுமாகக் கூடம் நிறைந்திருந்தது. ஜெனரலின் துணிச்சலைப் பற்றி ஆளாளுக்குப் பேசினார்கள். அவர் எங்கே என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. திரை விலகியது. சீருடையில் அண்ணன். படத்தின் கீழே பித்தளைத் தகட்டில் பிறந்த வருடம், ஒரு சிறு கோடு, அப்புறம் அவர் காணாமல் போன வருடம்.

கைத்தட்டல் ஓய்வதற்குள் அக்கா எழுந்துவிட்டார். நடுவழியில் நடந்து மேடையேறி, கைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார். “மேடம்... மேடம், என்ன பண்றீங்க?” என்று கர்னல் பதறினார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது வருடத்தின் முதல் எண் மீது சாவி முனையை அழுத்திச் சுரண்டினார். அந்தச் சத்தத்தில் முன்வரிசைக்காரர்களுக்குப் பல் கூசியது. எண் உருத்தெரியாமல் போனதும் பித்தளைத் தூளை ஊதித் தள்ளிவிட்டு, அடுத்த எண்ணில் சாவியை வைத்தார்.