பன்னிரண்டில் மூன்றாவது சொல்

இது நடந்ததா என்று சந்தேகப்படுகிறவர்கள் என்னை நம்ப வேண்டாம். ஐரீன் கோர்ஹோனனின் பதிவேட்டை நம்பலாம். ஜனவரி 23, மாலை 5:38, நீல மை. கணவர் இறந்த அன்றைக்குக்கூட சாயங்கால வானொலிக் கூட்டத்தை நடத்தி முடித்துவிட்டுத்தான் அழுதவர் ஐரீன். அவருக்குக் கற்பனை வராது.

எனக்குத் தைரியம் வராது. முந்நூறு பவுண்டு எடை, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். எனக்குப் பயம் மூன்று: கரடி, பல் டாக்டர், ஐரீன். அந்த ஜனவரிக்குப் பிறகு நான்கு.

மிச்சிகனின் வடக்கு மூலையில், சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கிறோம். எங்களில் பத்துப் பதினைந்து பேர் ஹாம் ரேடியோ வைத்திருக்கிறோம். தினமும் 5:30க்கு ஒரே அலைவரிசையில் கூடுவோம். ஐரீன்தான் தலைமை. யாருக்காவது செய்தி அனுப்ப வேண்டுமென்றால் படிவத்தில் எழுதி, ஒருவர் வாசிக்க இன்னொருவர் எழுதி, கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்போம். செல்போன் இருக்கிற காலத்தில் இது எதற்கு என்று என் மனைவி மார்லினும் கேட்பாள். செல்போன் செத்துப்போகிற நாளுக்காக.

விதி ரொம்பச் சின்னது. வந்ததை வந்தபடி எழுது. தப்பாக இருந்தாலும் திருத்தாதே. செய்தியின் தலையில் அதில் எத்தனை சொல் என்று எண்ணிக்கை இருக்கும். நீ எழுதியதை எண்ணு. எண்ணிக்கை சரியாக வராத வரை ‘ரோஜர்’, அதாவது ‘முழுதாகக் கிடைத்தது’ என்று, சொல்லாதே. ரோஜர் சொல்லிவிட்டால் அந்தச் செய்தி உன் பொறுப்பு.

முந்தின வருஷம் நான் இதை மீறினேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மகளுக்குச் செய்தி. ‘அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்தது’ என்று வந்தது. கடைசிச் சொல் இரைச்சலில் போய்விட்டது. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. இன்னொரு தடவை கேட்கச் சோம்பல். ‘நலம்’ என்று நானே போட்டுக்கொண்டேன். அந்தப் பெண் நிதானமாகக் கிளம்பி, அடக்கம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தாள்.

அவள் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

அதிலிருந்து எனக்கு ‘ஒட்டுக்காரன்’ என்று பெயர் வைத்தவன் ஆர்வோ நியெமி. என் நண்பன். எங்களில் அவனைப் போலச் சுத்தமாகச் செய்தி வாசிக்கிறவன் கிடையாது. ஒவ்வொரு மாலையும் “என்ன ஒட்டுக்காரா, இன்னிக்கு எதுக்கு ஒட்டுப் போட்ட?” என்றுதான் ஆரம்பிப்பான்.

ஜனவரி 22 இரவு பனிக்கட்டி மழை. மின்கம்பிகள் அறுந்தன. செல்போன் கோபுரம் சரிந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆர்வோ, உறைந்த ஏரிமேல் மீன் பிடிக்கப் போனான். எங்கள் ஊரில் இதை யாரும் விசித்திரமாக நினைக்க மாட்டார்கள். கரன்ட் இல்லையென்றால் வேறென்ன செய்வது? கூடவே அவன் மைத்துனன் உர்ஹோ, பக்கத்து வீட்டு க்ளென்.

பதினோரு மணிக்குக் காற்று திரும்பியது. பனித்தளம் கரையிலிருந்து பிளந்து, ஏரிக்குள் நகர்ந்துவிட்டது.

அவர்கள் வண்டி தெற்கு வளைகுடாவில் நின்றது. ஷெரீஃபின் ஆட்கள் பகலெல்லாம் அங்கேயே தேடினார்கள். இருட்டினால் யாரும் பிழைக்க முடியாது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று.

5:30. சமையலறை மேஜையில் ரேடியோ. கார் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. காற்று ஜன்னலை அறைந்தது. ஸ்பீக்கரில் ஒரே இரைச்சல். ஐரீன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

“ரெய்னோ, இருக்கியா?”

“இருக்கேன்.”

“சாப்டியா?”

“அதெல்லாம் கேக்கணுமா?”

5:38. இரைச்சலுக்கு நடுவே ஓர் அழைப்புக் குறி. ஆர்வோவின் குறி.

ஐரீனின் குரல் முதல் தடவையாகத் தடுமாறியதைக் கேட்டேன். “ஆர்வோ… நீயாப்பா? எங்க இருக்க?”

“ஒரு செய்தி. ரெய்னோ லாஹ்தி வழியா.”

“எங்க இருக்கன்னு கேட்டேன்.”

“ஒரு செய்தி. ரெய்னோ லாஹ்தி வழியா.”

ஐரீனுக்கு வேறு அவசரங்கள் வரிசையில் நின்றன. “ரெண்டு பேரும் அஞ்சு கிலோஹெர்ட்ஸ் மேல போங்க,” என்றார். “ரெய்னோ, வந்தத எழுது. ஒட்டுப் போடாத.”

அலைவரிசைக் குமிழைத் திருகினேன்.

இரைச்சல் நின்றுவிட்டது.

குறையவில்லை. நின்றுவிட்டது. காது அடைத்துக்கொண்டதோ என்று மேஜையைத் தட்டிப் பார்த்தேன். கேட்டது.

“ஆர்வோ, நீ சொல்லு.”

“எழுதத் தயாரா?”

அவ்வளவுதான். ஒட்டுக்காரா இல்லை. நக்கல் இல்லை. களைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பென்சிலை எடுத்தேன். எங்கோ திறந்தவெளியில் நின்று பேசுகிறவன் பின்னால் காற்றே கேட்கவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

“செய்தி எண் ஒன்று. அவசரம். சொல் எண்ணிக்கை பன்னிரண்டு. புறப்பட்ட இடம், கரை. கொடுத்த நேரம், பகல் பதினொன்று ஐம்பத்திரண்டு.”

“ஆர்வோ, இப்ப மணி அஞ்சே முக்கால்.”

“பகல் பதினொன்று ஐம்பத்திரண்டு.”

திருத்தாதே. எழுதினேன்.

“எந்தக் கரை?”

“கரை.”

பெறுபவர் லெம்பி நியெமி, அவன் மனைவி. பிறகு செய்தி. ஒவ்வொரு சொல்லாக, என் கை எழுதுகிற வேகத்துக்குச் சரியாக வாசித்தான். எழுதி முடித்துப் படித்தேன்.

கரை சேர்ந்துவிட்டோம். எங்களோடு இல்லை. காப்பர் டாக்கின் அடியில் தேடுங்கள். எங்களுக்கு இப்போது குளிரவில்லை. கையெழுத்து, ஆர்வோ.

எண்ணினேன். பதினொன்று.

கையெழுத்து கணக்கில் சேராது. விரலால் தொட்டு எண்ணினேன். பதினொன்று.

“ஆர்வோ, எண்ணிக்கை சரியா?”

“பன்னிரண்டு.”

“என்கிட்ட பதினொண்ணுதான் இருக்கு. மெதுவா ஒரு தடவை.”

“கரை. சேர்ந்துவிட்டோம்.”

நிறுத்தினான். ஒரு சொல் சொல்லும் நேரம்.

“எங்களோடு. இல்லை…”

மூன்றாவது சொல். ஒரு பெயர். யாரோ ஒருவன் அவர்களோடு இல்லை. உர்ஹோவா? க்ளென்னா?

5:51. “மூணாவது சொல்ல மட்டும் சொல்லு.”

மௌனம். ஆனால் வெறும் மௌனம் இல்லை. உள்ளே ஏதோ கேட்டது.

டக்… டக்டக்… டக்டக்டக்…

5:53. மறுபடி கேட்டேன். மறுபடி அதே.

டக்டக்டக்…

5:55. சிக்னல் எவ்வளவு வலுவாக வருகிறது என்று காட்டும் முள்ளைப் பார்த்தேன். ஆர்வோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டது. முள் பூஜ்யத்தில் இருந்தது. அசையவே இல்லை.



சர்ச்சின் கீழ்த்தளத்தில் லெம்பி காத்திருந்தாள். உர்ஹோ அவள் தம்பி. க்ளென்னின் மனைவி டோனாவும் அங்கேதான். இரண்டு பேரில் ஒருத்திக்கு நான் என்ன கொண்டுபோய்க் கொடுப்பது? வெற்றிடமா? ஊகித்துக் கேட்டுவிட்டால் என்ன? ஆமாம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

5:57. பொத்தானை அழுத்தினேன்.

“க்…”

ஆஸ்பத்திரிச் செய்தி கண்முன் வந்தது. விட்டுவிட்டேன்.

ஸ்பீக்கரில் எதுவோ உரசியது. காகிதத்தில் பென்சில் உரசுகிற மாதிரி. ஒரே ஓர் இழுப்பு.

“ஆர்வோ, மூணாவது சொல் வரலை. நான் ரோஜர் சொல்லலை.”

5:58.

“காத்திரு.”

காத்திருந்தேன்.

6:00.

6:02.

6:04… சடாரென்று இரைச்சல் திரும்பியது. நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தேன். மார்லின் ஓடிவந்து, முதலில் நாற்காலி உடைந்ததா என்று பார்த்தாள்.

மூன்றாவது இடத்தில் கோடு போட்டேன். காலியாக விட்டேன். சர்ச்சுக்கு ஓடினேன். அதாவது, என் உடம்பு ஓட்டம் என்று சொல்வதைச் செய்தேன்.

6:11. கீழ்த்தளம். லெம்பியும் டோனாவும் ஒரே பெஞ்சில், ஒரே போர்வையில். ஷெரீஃபின் டெபுடி ஹரால்டு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசித்தேன்.

“கோடுன்னா?” டோனா கேட்டாள்.

“அந்தச் சொல் வரலை.”

“உனக்கு என்ன தோணுது?”

“எனக்குத் தோணுறத எழுத மாட்டேன், டோனா.”

“எழுத வேணாம். சொல்லு. வாயால சொல்லு.”

“மாட்டேன்மா.”

அவள் என் சட்டையைப் பிடித்தாள். லெம்பிதான் விடுவித்தாள். “யாரா இருந்தா என்னடீ? ஒருத்தன் உயிரோட கிடக்கான். முதல்ல போகச் சொல்லு.”

ஹரால்டு தயங்கினார். “காப்பர் டாக், அந்தப் பழைய படகுத்துறை, வடக்க எட்டு மைல். காத்து அந்தப் பக்கம் அடிக்கும்னு எவனும் சொல்லலை. அரைகுறைச் செய்திய நம்பி ஆளுங்கள அனுப்பினா, இங்க தேட ஆள் இருக்காது. ரெய்னோ, நிச்சயமா?”

“என் சொல் ஒண்ணுகூட அதுல இல்ல. வந்தது மட்டும்தான்.”

வரைபடத்தை மடித்தார். எழுந்தார்.

பனிவண்டிகள் கிளம்பிய பிறகு லெம்பி மெதுவாகக் கேட்டாள்.

“எதுல பேசினான்?”

“அவனோட கை ரேடியோவுலதான்.”

“அதோட பேட்டரி எங்க வீட்டு மேஜையில கிடக்கு, ரெய்னோ. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து.”



7:25க்கு க்ளென்னைக் கண்டுபிடித்தார்கள். காப்பர் டாக்கின் பழைய மரத்தூண்களுக்கு அடியில், பனியோடு பனியாக. உயிர் இருந்தது. ஹரால்டு வந்து டோனாவிடம் சொன்னார், “டார்ச் அடிச்சும் தெரியலைம்மா. சத்தத்த வெச்சுத்தான் புடிச்சோம். பல்லு டக்டக்னு அடிச்சுக்கிட்டிருந்தது.”

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆர்வோவையும் உர்ஹோவையும் மறுநாள் காலையில் எடுத்தார்கள். க்ளென் கிடந்த இடத்திலிருந்து நாற்பதடி. அலை கொண்டுவந்து போட்டிருந்தது.

கரை சேர்ந்திருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து மார்லின் சுட்ட கறிப் பேஸ்டிகளோடு க்ளென்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியில் இரண்டைத் தின்றேன். பயந்தால் எனக்குப் பசிக்கும்.

கதவைச் சாத்தச் சொன்னான் க்ளென்.

“அவங்க ரெண்டு பேரும் என் கண்ணு முன்னாடிதான் தண்ணிக்குள்ள போனாங்க, ரெய்னோ. பன்னெண்டு மணி ஆகலை. கை எட்டலை.”

“தெரியும்டா.”

“சாயங்காலம் வந்தாங்க.”

நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன்.

“ஆர்வோ என் முன்னாடி உட்கார்ந்தான். மடியில உங்க படிவம். கையில பென்சில். ‘உன் பேர் என்ன’ன்னு கேட்டான். பதினெட்டு வருஷமா பக்கத்து வீடுடா. என் பேர் அவனுக்குத் தெரியலை. கோவமாக்கூட கேக்கலை. நீங்க கேப்பீங்களே, அந்த மாதிரி. சொல் வேணும், சொல் வேணும்னு.”

“நீ சொன்னியா?”

“சொல்லத்தான் பார்த்தேன். பல்லு அடிச்சுக்கிச்சு, வாய் வரலை. அப்புறம் உர்ஹோவைப் பார்த்தேன். ஆர்வோவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தான். சொல்லாதேன்னு தலையாட்டினான்.” க்ளென் தண்ணீர் கேட்டான். குடித்தான். “நான் வாயே திறக்கலை, ரெய்னோ. பைபிள் மேல சத்தியம்.”

“நம்புறேன்.”

“ஆனா ஒரு தடவை ஆர்வோ சட்டுனு நிமிர்ந்தான். யாரோ எடுத்துக்குடுத்த மாதிரி. ஒரே ஒரு எழுத்து எழுதினான். அது வரைக்கும் எனக்கு ரெண்டு கால்லயும் உணர்ச்சி இருந்தது.”

அவன் போர்வையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். இடது பக்கம், முழங்காலுக்குக் கீழே, போர்வை தட்டையாகக் கிடந்தது.

“எடுத்துக்குடுத்தது யாருன்னுதான் தெரியலை,” என்றான் க்ளென்.

பேஸ்டியைப் பிரித்து அவன் கையில் கொடுத்தேன். எனக்குப் பசிக்கவில்லை.