வெயில் விற்கப் போன கதை

ஊரெல்லாம் சும்மா கிடைக்கிற வெயிலை விலைக்கு விற்பதுதான் என் தொழில்: மாடியில் சோலார் பலகை போட்டுத் தரும் கம்பெனியின் பாலக்காட்டு ஏஜென்ட். வாசல் வாசலாக ஏறி இறங்கும் சக பாவிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும். ஓணத்துக்குள் ஒரு ஆர்டராவது பிடிக்காவிட்டால் வேலை காலி என்று மேனேஜர் சொல்லிவிட்டார். போகிற இடத்திலெல்லாம் கோவைக் கம்பெனி ஆள் ஒருவர் எனக்கு முன்னாலேயே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருப்பார்.

தென்னை நிழல்

பெருமாட்டியில் வேலுச்சாமிக்குத் தோப்புக்கு நடுவில் வீடு. மாடியில் வெயில் கோடு கோடாகத்தான் விழுந்தது. “இந்த ரெண்டு மரத்தை எடுத்துட்டா...” என்று வாயைத் திறந்தேன். பெண் பார்க்க வந்த இடத்தில் கிட்னி கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“ஏனுங்க, காய்க்கிற மரத்தை வெட்டச் சொல்றீங்களே, அந்த வெயிலைக் கொஞ்சம் இந்தப் பக்கமாத் தள்ளி வெக்க முடியுங்களான்னு உங்க கம்பெனில கேளுங்க.”

மாமியின் மாடி

கல்பாத்தியில் ஒரு மாமி என்னையும் கோவைக்காரரையும் ஒரே நேரத்தில் வரச்சொல்லியிருந்தார். மாடி முழுக்க வடாம். அதை மிதிக்காமல் ஓரமாக நின்றபடி நான் இருபத்தைந்து வருஷ கியாரண்டி என்றேன், கோவைக்காரர் ஜெர்மன் டெக்னாலஜி என்றார். மாமி காக்காய் விரட்டிக்கொண்டே கேட்டார்.

“ரெண்டு பேரும் அதே வெயிலைத்தானே விக்கறேள்? அதுல நான் வடாம் உணக்கிக்கறேன், போய்ட்டு வாங்கோ.”

அம்மன் உத்தரவு

வேறு வழியில்லாமல் திரும்பவும் வேலுச்சாமியிடம் போனேன். நானா, கோவைக்காரரா, இருக்கிற சர்க்கார் லைனே போதுமா என்று அவரும் குழம்பிப்போயிருந்தார். அந்தப் பக்கம் கல்யாணமோ கிணறோ, குழப்பம் வந்தால் கோயிலில் பூக் கேட்பார்கள். கரண்டுக்கும் கேட்டுவிடலாம் என்றார். எனக்குச் செவ்வரளி, கோவைக்காரருக்கு வெள்ளை அரளி, சர்க்காருக்கு மஞ்சள் செவ்வந்தி. இருட்டும் நேரத்தில் மூன்றையும் இலையில் பொட்டலம் கட்டி மாரியம்மன் காலடியில் வைத்தார் பூசாரி. எனக்கு அன்று வந்த பக்தி அதற்கு முன் வந்ததே இல்லை.

பூசாரி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். செவ்வந்தி! கூடவே வந்திருந்த கோவைக்காரர் அப்போதே பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். வேலை போச்சு என்று நான் தூணில் சாய்ந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போச்சு. இருட்டில் பூசாரியின் குரல் மட்டும் கேட்டது.

“அம்மன் சொன்னது வேலுச்சாமி ஊட்டுக்குங்க, கோயிலுக்குப் பேட்டரியோட நீங்களே போட்டுக் குடுத்துருங்க.”

ஆக, அம்மனே கைவிட்ட என்னை ஓணத்துக்குள் கரை சேர்த்தது என் பரம எதிரியான சர்க்கார் லைன்தான்.