சராசரிக்குள் மறைந்த வலி

மலேசியாவின் கோத்தா திங்கி மருத்துவமனையில் தாதியாக இருந்தபோது, அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் வலி மருந்துக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று எங்கள் வார்டில் ஆய்வு செய்தோம். பெரும்பாலோருக்கு உடனே கிடைத்திருந்தது. சிலர் மணிக்கணக்கில் துடித்திருந்தார்கள். அவர்களில் ஒரு அம்மா, கேட்டால் திட்டுவார்களோ என்று போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்தவர்.

"சராசரி நல்லா இருக்கு, அது போதும் லா," என்றார் தலைமைத் தாதி.

"சராசரிய மட்டும் போட்டா அந்த அம்மா பட்டது தெரியாது, மேடம். ஆகக் கூடுதலா காத்திருந்த நேரத்தையும் போடலாம்," என்றேன்.

"அந்த மாதிரி ஒண்ணு ரெண்டு பேர கணக்குலேர்ந்து எடுத்துடு. இன்னும் அழகா இருக்கும்."

நான் மறுத்தேன். அவரே எடுத்தார். ஆய்வு முடிவை வாசித்த கூட்டத்தில் கைதட்டினார்கள். ஆய்விலிருந்து என் பெயரை நீக்கச் சொல்லிவிட்டு வெளியேறினேன்.