மார்ச் முடிவில் உயிரோடு இருந்தவர்கள்

பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து உள்ளே பிரியும் செம்மண் சாலையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தது அந்தத் தோட்டம். அங்கே கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்த அமலதாஸின் மகள் லில்லியன் கோலாலம்பூரில் காலேஜ் படிக்கப் போகிறாள் என்ற சேதி 1951ஆம் வருஷம் தொழிலாளிகள் குடியிருந்த லயத்துக்கு வந்து சேர்ந்தபோது, "டாக்டருக்கா, டீச்சருக்கா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். ரெண்டும் இல்லை, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்றதும் மேற்கொண்டு என்ன கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

அமலதாஸுக்கே அது பிடிபடவில்லை. "எத்தனை பேர் வேலைக்கு வந்தாங்க, எவ்வளவு பால் எடுத்தாங்கன்னு நான் கல்யாணத்துக்கு முந்தியிலேர்ந்து செக்ரோல் எழுதறேன். இதுக்குப் போய் காலேஜா?"

"எண்ணுறது வேறப்பா. எண்ணினது என்ன சொல்லுதுன்னு பார்க்கிறது வேற."

"என்னவோ போ. உங்கம்மா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பா" என்றார் அவர். லில்லியனின் அம்மா ஜப்பான்காரன் காலத்தில் மருந்தில்லாமல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள்.

காலேஜிலிருந்து வந்த விதிமுறைத் தாளை அப்பாவும் மகளும் மேஜையில் விரித்து வைத்துப் படித்தார்கள். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் கிரெடிட் இருக்க வேண்டும். அது இருந்தது. நாலில் மூன்று பங்கு வகுப்புக்காவது வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. வாராவாரம் தருகிற பயிற்சியைச் சொந்தமாகச் செய்து மையால் எழுதித் தர வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் வாங்க மாட்டார்கள். வருஷக் கடைசியில் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த ஓரிடத்தில் சொந்தமாக ஒரு கணக்கெடுப்பு நடத்தி அட்டவணை போட்டுக் கொடுக்க வேண்டும். ஊரடங்கினால் வர முடியாமல் போகிறவர்களுக்கு வருகைக் கணக்கில் சலுகை உண்டு என்று தாளின் அடியில் ஒரு வரி இருந்தது. "பரவாயில்லையே, எல்லாத்தையும் யோசிச்சுத்தான் எழுதியிருக்கான்" என்று அமலதாஸ் மெச்சிக்கொண்டார். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சர்க்கார் சண்டை போட்ட அவசரகாலம் அது; அந்த வருஷத்தில் ஊரடங்கு இல்லாத மாதமே அந்தப் பக்கம் கிடையாது.

பாடம் நடத்தியவர் லியோனார்ட் என்பவர். ஒல்லியான மனிதர், கழுத்துப் பட்டை எப்போதும் கொஞ்சம் கோணலாகவே இருக்கும். முதல் நாள் வகுப்பில் அவர் சொன்னது லில்லியனுக்குக் கடைசிவரை மறக்கவில்லை.

"இந்தப் பாடத்துக்குப் பெரிய மூளை வேணாம். பொறுமை வேணும், நாணயம் வேணும். எண்ணாததை எண்ணினேன்னு சொல்லக் கூடாது. கிடைச்ச எண்ணிக்கை பிடிக்கலைன்னு அதைத் திருத்தக் கூடாது. இந்த ரெண்டும் முடியும்னா உட்காருங்க. முடியாதுன்னா இப்பவே எழுந்து போயிடலாம்."

யாரும் எழுந்து போகவில்லை. லில்லியன் அந்த மனிதரை அன்றைக்கே நம்பிவிட்டாள். சராசரி, விலக்கம், வரைபடம் என்று அவர் சொல்லச் சொல்ல, சின்ன வயசிலிருந்து அவள் பார்த்துவந்த தோட்டமே புதிதாக அர்த்தம் சொல்வதுபோல் இருந்தது. ஒவ்வொரு லயத்திலும் பிள்ளை பிறந்துகொண்டே இருந்தது. ஆனால் தவழ்கிற பிள்ளைகள் அத்தனை பேர் இல்லை. எங்கே போனார்கள்? அவள் தன் கணக்கெடுப்புக்கு இதையே எடுத்துக்கொண்டாள்: கடந்த ரெண்டு வருஷத்தில் லயத்தில் பிறந்த பிள்ளைகளில், 1952 மார்ச் மாதக் கடைசித் தேதியில் உயிரோடு இருப்பவர்கள் எத்தனை பேர், இறந்தவர்கள் எத்தனை பேர்.

"நல்ல கேள்வி" என்றார் லியோனார்ட். "தேதியை மட்டும் இறுக்கமாப் பிடிச்சுக்கோ. தேதி நழுவினா கணக்கு நழுவிடும்."

ஆனால் லயத்தில் யார் கதவைத் திறப்பார்கள்? போலீஸ்காரன் வந்து வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுப் போவான். மறு வாரம் ஒருத்தனைப் பிடித்துப் போவான். காட்டுக்குள் இருப்பவர்களும் ஆள் அனுப்பி அதையே கேட்பார்கள். கிராணி மகள் பென்சிலோடு வந்து நின்றதும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதப் போனார்கள்.

காளியம்மாதான் அவளுக்கு வழி செய்தாள். ரெண்டு பேரும் ஒரே வயசு. தண்ணித் தொட்டிக்கு அடியில் ஒன்றாக விளையாடி, கிராணி வீட்டுப் பின்கட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். லில்லியன் கிள்ளானுக்குக் கான்வென்ட் படிக்கப் போன வருஷத்தில் காளியம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாள். பிறகு சன்னாசியைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய முதல் பிள்ளை பேர் வைப்பதற்கு முன்பே போய்விட்டது. ரெண்டாவது வைரவன், அப்போதுதான் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தான்.

வைரவனை இடுப்பில் வைத்துக்கொண்டு காளியம்மா முன்னால் நடந்தாள். "அட, கதவத் தொறங்க. நம்ம லில்லிதான். பேரெல்லாம் எழுத மாட்டா. இருக்கிற பிள்ளைக்கு இங்கிட்டு ஒரு கோடு, போன பிள்ளைக்கு அங்கிட்டு ஒரு கோடு, அம்புட்டுத்தான்" என்று வீட்டுக்கு வீடு சொன்னாள். அவள் சொன்னதும் கதவுகள் திறந்தன. போன பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்த பெண்களுக்கு நிறுத்தத் தெரியவில்லை. லில்லியன் கோடு போட்டுவிட்டு, பேச்சு முடியும்வரை தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் காளியம்மா வீடு. "எம் பிள்ளைக்கு நல்லா அழுத்தமாப் போடு லில்லி" என்றாள் காளியம்மா. வைரவன் பென்சிலைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டான். அதை அவன் கையிலிருந்து வாங்குவதற்குள் ரெண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் களைத்துப் போனார்கள்.

எடுத்த கணக்கை ஒரு தடவை திரும்பப் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்பதும் விதி. அதற்காக ஏப்ரலில் லில்லியன் மறுபடி தோட்டத்துக்கு வந்தாள். வந்த மறுநாள் காலையில் சாலை வளைவில் ஒரு காவல்காரனைக் காட்டுக்குள் இருப்பவர்கள் சுட்டுவிட்டார்கள். மத்தியானத்துக்குள் ராணுவ லோரிகள் வந்தன. லயத்தையும் கிராணி வீட்டையும் சுற்றியிருந்த கம்பி வேலியின் கேட் பூட்டப்பட்டது. முழு நாள் ஊரடங்கு, மறு உத்தரவு வரும்வரை யாரும் வெளியே வரக் கூடாது என்று ஒலிபெருக்கி கத்திக்கொண்டு போனது. மருந்து வாங்கப் பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் போயிருந்த, தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வைரவனுக்கு வயிற்றோட்டம் பிடித்தது. விடிவதற்குள் கண் உள்ளே போய்விட்டது. கஞ்சித் தண்ணியில் உப்புப் போட்டுக் கொடுத்தார்கள். கொடுத்தது அப்படியே வெளியே வந்தது. வெளிச்சம் வந்ததும் காளியம்மா பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு கிராணி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"லில்லி, நீ வந்து சொல்லு. நான் சொன்னா அவனுங்களுக்குப் புரியல."

கேட்டில் மலாய்க்காரக் காவலர் ஒருவர் நின்றார். பிள்ளையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "தா போலே, மிஸ்ஸி", முடியாது என்று கையை விரித்துவிட்டு, உள்ளே போய் வெள்ளைக்கார அதிகாரியைக் கூட்டி வந்தார். அவன் லில்லியனைவிட ஒன்றிரண்டு வயசு மூத்தவனாக இருந்தால் அதிகம். வெயிலில் முகமெல்லாம் சிவந்திருந்தது.

லில்லியன் அவனிடம் இங்கிலீஷில் சொன்னாள். நிதானமாக, பிழையில்லாமல் சொன்னாள். பிள்ளையின் உடம்பில் தண்ணீரே இல்லை, ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது, உங்கள் லோரியிலேயே கொண்டுபோங்கள், நாங்கள் இங்கேயே நிற்கிறோம், பிள்ளையை மட்டும் கொண்டுபோங்கள்.

அவன் கம்பியில்லாத் தந்தியில் பேசிவிட்டுத் திரும்பினான். சாலையில் எந்த வண்டியும் ஓடக் கூடாதாம். ரப்பர் மரங்களுக்குள் சிப்பாய்கள் படுத்திருக்கிறார்கள், அசைவது எதுவானாலும் சுடுவார்கள். நாளைக் காலையில் பார்க்கலாம்.

"என்ன சொல்றான்?" என்றாள் காளியம்மா.

"நாளைக்குங்கிறான்."

"நீ இன்னும் நல்லா சொல்லு லில்லி. உனக்குத் தெரிஞ்ச இங்கிலீஸ் எல்லாத்தையும் சொல்லு."

லில்லியன் மறுபடி சொன்னாள். இந்தத் தடவை அழுதுகொண்டே சொன்னாள். அமலதாஸ் ஓடி வந்து, தலைக்கு மேல் கையைத் தூக்கிக் கும்பிட்டார். அதிகாரி இன்னொரு தடவை உள்ளே போய்ப் பேசினான். திரும்பி வந்து தன் தண்ணீர்க் குடுவையைக் கம்பி வழியாக நீட்டினான். அவனிடம் தருவதற்கு அது ஒன்றுதான் இருந்தது.

காளியம்மா கேட்டை விட்டு நகர மறுத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சன்னாசி வந்து கூப்பிட்டும் எழவில்லை. லில்லியன் அவள் தோளோடு தோளாக உட்கார்ந்து, விரலில் தண்ணீரைத் தொட்டுப் பிள்ளையின் உதட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள். வெயில் சாயும்போது வைரவனின் மூச்சு அடங்கியது. காளியம்மா ரொம்ப நேரம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "தூங்குறான், சத்தம் போடாதீங்க" என்றாள்.

புதைக்கப் போவதற்கு மறுநாள் கேட்டைத் திறந்தார்கள்.

ஊரடங்கு முழுசாக நீங்கி லில்லியன் கோலாலம்பூருக்குத் திரும்பியபோது நிறைய வகுப்புகள் தவறிப் போயிருந்தன. அலுவலகத்தில் கேட்டார்கள், ஊரடங்கு என்று சொன்னாள். தாளில் இருந்த விதிப்படி சலுகை கொடுத்துவிட்டார்கள். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு வரி எழுதி வைத்திருந்தார்கள். வைரவனுக்கு யாரும் எழுதி வைக்கவில்லை.

அட்டவணையை எழுதி லியோனார்டிடம் கொடுத்தாள். அவர் கூட்டிப் பார்த்தார், பழைய வரைவோடு ஒத்துப் பார்த்தார், பிறகு நிமிர்ந்தார்.

"இறந்தவங்க பக்கம் ஒண்ணு கூடியிருக்கே?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எந்தத் தேதியில இறந்தான்?"

"ஏப்ரல்ல, சார்."

"உன் கணக்கு மார்ச் முடிவோட நிக்குது, லில்லியன்."

"தெரியும் சார்."

"மார்ச் முடிவுல அவன் உயிரோட இருந்தான்."

"ஆமா சார். என் பென்சிலைக் கடிச்சான்."

லியோனார்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் இதை ஏத்துக்கிட்டா, அப்புறம் எதையும் ஏத்துக்கணும்மா. கேட்டைப் பூட்டிச் செத்தவங்களோட கணக்குன்னு ஒண்ணு தனியா இருக்கு. அதை யாராவது ஒரு நாள் எடுக்கணும். இது அது இல்ல."

அவர் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரிந்தது. வேறு ஒருத்தர் அட்டவணையாக இருந்தால் அவளே அப்படித்தான் சொல்லியிருப்பாள். அறைக்குப் போய்ப் புதுத் தாளில் எல்லாவற்றையும் மறுபடி எழுதினாள். வைரவனை உயிரோடு இருக்கும் பத்தியில் சேர்த்தாள். வகுப்பிலேயே சிறந்த அட்டவணை என்று அதற்கு மதிப்பெண் வந்தது. பரீட்சையிலும் தேறினாள்.

காளியம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் லீவுக்கு வந்தவளிடம் அவளே குழாயடியில் கேட்டாள்.

"கணக்கை எழுதிக் குடுத்துட்டியா லில்லி? எம் பிள்ளைய எங்க போட்ட?"

லில்லியனுக்குப் பொய் வரவில்லை. "உயிரோட இருக்கிற பக்கம், காளி. தேதிப்படி அப்படித்தான் போடணும்."

காளியம்மா வாளியைக் கீழே வைத்தாள். ஒரு கணம் அவள் முகத்தில் ஏதோ வெளிச்சம் வந்தது மாதிரி இருந்தது. உடனே அணைந்தது.

"அப்போ அவன் சாகவே இல்லையா? அத வாசிக்கிறவன் என்ன நெனப்பான்? அந்தத் தோட்டத்துல பிள்ளை நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சுட்டு மூடி வச்சிருவான்ல?"

"காளி..."

"உன்னோட வீடு வீடா வந்தேனே, லில்லி. நாந்தானே அவளுகள எல்லாம் கதவத் தொறக்கச் சொன்னேன்."

அவள் சத்தம் போடவில்லை. வாளி நிறையாமலே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த மாதமே சன்னாசியும் அவளும் அந்தத் தோட்டத்தை விட்டுப் போனார்கள். கேட்டைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது, அவளால் முடியவில்லை என்று சின்னத்தாய் என்ற பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

லில்லியனுக்குக் கோலாலம்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலை கிடைத்தது. நெல், மீன், பிறப்பு, இறப்பு என்று பலவற்றின் கணக்கும் அவள் மேஜைக்கு வந்தது. லியோனார்ட் சொன்ன அந்த இன்னொரு கணக்கை எடுக்கலாமா என்று மேலதிகாரிகளிடம் ரெண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். "அதுக்கு யார் உத்தரவு தருவா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் ஃபைலை மூடித் தள்ளி வைத்தார். மாப்பிள்ளை பார்க்க அமலதாஸ் எத்தனையோ முயன்றார். பிள்ளை பெற்றுக்கொள்ள எனக்குத் தைரியமில்லை அப்பா என்று அவள் ஒருநாள் சொன்னதும், அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

சில வருஷம் கழித்து, அவசரகாலம் முடிகிற சமயத்தில், காளியம்மா அசாம் ஜாவா பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறாள் என்று யாரோ சொல்ல, லில்லியன் பஸ் பிடித்துப் போனாள். விசாரித்துக்கொண்டு போய் நின்றபோது காளியம்மா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உடம்பு கனத்திருந்தது. காலைச் சுற்றி ரெண்டு பெண் பிள்ளைகள்.

காளியம்மா ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க மிஸ்ஸி. உக்காருங்க."

அந்த 'வாங்க' லில்லியனை அப்படியே அடித்துப் போட்டது. முக்காலியில் உட்கார்ந்தாள். காளியம்மா காப்பி போட்டுக் கொடுத்தாள். அப்பா எப்படி இருக்காருங்க, பஸ்ஸில் கூட்டமாங்க என்று விசாரித்தாள். சன்னாசி இப்போது வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஆகிவிட்டான் என்று சொன்னாள். குரலில் கோபம் துளியும் இல்லை. ஒரு வெளியாளிடம் பேசுகிற மரியாதைதான் இருந்தது. காளி என்று கூப்பிட லில்லியன் எத்தனை தடவை வாயெடுத்தும் வரவில்லை. பெண் பிள்ளைகளுக்கு வாங்கி வந்திருந்த ரொட்டிப் பொட்டலத்தைக் கொடுத்தாள். சின்னது அதை வாங்க அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

"வாங்கிக்க. மிஸ்ஸிக்கு நன்றி சொல்லு" என்றாள் காளியம்மா.

மழை கட்டிக்கொண்டு வந்தது. லில்லியன் எழுந்தாள். காளியம்மா வாசல்வரை வந்து, "பாத்துப் போங்க மிஸ்ஸி, ரோடு வழுக்கும்" என்று சொல்லிவிட்டு, காயப்போட்ட துணிகளை அவசரமாக எடுக்க ஆரம்பித்தாள்.