பொம்மை வீட்டுச் சமுக்காளங்கள்

அச்சு மையைக் கரைக்கும் தின்னரின் வாடை முதலில் இனிக்கும். கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திருப்பூரில், எங்கள் வீட்டு முன்னறைதான் அப்பாவின் அச்சுப் பட்டறை. குழந்தைகள் பனியனில் ஒட்டும் படங்களை வழுவழுப்பான "டிரான்ஸ்பர் பேப்பரில்" அச்சடித்துக் கம்பெனிகளுக்குக் கொடுப்பார். ஈர அச்சில் தூசி விழக்கூடாதென்று சன்னல்களைச் சாத்தியே வைத்திருப்பார். அந்த மூடிய அறைக்குள் நாளெல்லாம் அவர் அச்சுச் சட்டங்களைத் தின்னரால் துடைத்துக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது; யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பனியன் அட்டைப்பெட்டியில் நான் ஒரு பொம்மை வீடு கட்டியிருந்தேன். அதற்கென்றே அப்பா தீப்பெட்டி அளவில் ஒரு சமுக்காள டிசைன் செய்து வைத்திருந்தார். அன்றன்றைக்குக் கலக்கும் கலரில் ஒரு சொட்டு எடுத்து மிச்சக் காகிதத்தில் அச்சிழுத்து, காய்ந்ததும் பனியன் "வேஸ்ட்" துணியில் கவிழ்த்து, இஸ்திரிப்பெட்டியால் அழுத்தி உரித்தால் என் பொம்மைக்குப் புதுச் சமுக்காளம் ரெடி. சுவரில் மாட்ட மயிலும் மலையும்கூட வந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள், கலர் ஒத்துப்பார்க்கக் கம்பெனி கொடுத்திருந்த மாதிரித் துணி கிளிப்பச்சை. என் கைக்கு வந்த சமுக்காளமோ நீலம். "அப்பா, இது நீலமுங்க!" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு அதை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்பில் தோசை தீய்ந்துகொண்டிருந்தது. அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் எந்தக் கலர் கலக்கினாலும் எனக்குத்தான் முதல் சமுக்காளம். மாதிரித் துணியையும் பக்கத்தில் வைத்து, "கண்ணு, உன்ற பொம்மைக்குப் புடிச்சிருக்குதான்னு கேளு" என்பார். "இன்னுங் கொஞ்சம் மஞ்சள் வேணுமாமுங்ப்பா" என்பேன். மஞ்சளும் வெள்ளையும் அவருக்கு ஒன்றாகத் தெரிய ஆரம்பித்தபோது, அம்மா கலர் டப்பாக்களை இடம் மாறாமல் அடுக்கத் தொடங்கினாள். மூன்று பேருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. நிறம் தெரியாத அச்சுக்காரருக்கு எந்தக் கம்பெனி வேலை கொடுக்கும்?

நான் வளர்ந்தேன். பொம்மை சலித்துப்போயிற்று. "இத்தனை பெருசாயும் பொம்மை வெளையாட்டா?" என்று தோழிகள் கேலி செய்தார்கள். ஆனால் பொம்மை வீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டால் அப்பா எந்தச் சாக்கில் என்னைக் கேட்பார்? அந்தப் பயத்தில் விளையாடிக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதும், இந்நேரம் என்ன கலக்குகிறாரோ என்றே நினைப்பு ஓடும்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை, கம்பெனியின் பிரிண்டிங் மாஸ்டர் நேரில் வந்துவிட்டார். ஏற்றுமதி ஆர்டர், அவசரம், கலர் கலக்கும்போதே பார்க்க வேண்டுமாம். உட்கார இடம் வேண்டி, அவரே டப்பாக்களை எடுத்து ஒதுக்கினார். அம்மா முகம் வெளிறிப்போயிற்று.

அப்பா கலக்கினார். "பாப்பாவுக்குக் குடுக்காம எங்கூட்டுல அச்சே இல்லீங்க மாஸ்டர்" என்று சிரித்தபடி சமுக்காளத்தை என்னிடம் நீட்டினார். பச்சையாக இருக்க வேண்டியது, மறுபடி நீலம்.

"பொம்மைக்குப் புடிக்கலீங்ப்பா. மஞ்சள் வேணுமாம்."

அப்பாவின் கை வழக்கமான இடத்துக்குப் போய் ஒரு டப்பாவை எடுத்தது. அது வெள்ளை. "அப்பா" என்றேன். அவர் ஊற்றினார்.

மாஸ்டர் டப்பாவைப் பார்த்தார், என் கையிலிருந்த சமுக்காளத்தைப் பார்த்தார். "ஏனுங்ண்ணா, எத்தனை நாளா இப்படி?" என்று மெதுவாகத்தான் கேட்டார். மாஸ்டர் மாதிரித் துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மழையிலேயே கிளம்பிப் போனார். பிறகு எந்தக் கம்பெனியிலிருந்தும் எங்களுக்கு மாதிரித் துணி வரவில்லை.

இப்போது கலர் பார்க்கக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அந்த முன்னறை செல்போன் கடையாகிவிட்டது. தின்னர் புகைதான் காரணம் என்று பின்னாளில் கண் டாக்டர் சொன்னார். அப்பாவுக்குப் போன நிறங்கள் போனவைதான். ஊத்துக்குளியில் என்னோடு இருக்கிறார். அன்றைய தினத்தைப் பற்றி அதன்பின் நாங்கள் பேசியதில்லை. பேசியதெல்லாம் அன்று சாயங்காலம்தான். அச்சுச் சட்டங்களைக் கழுவிச் சுவரில் சாத்திவிட்டு, பொம்மை வீட்டின் முன்னால் குனிந்திருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தலையில் கை வைத்துச் சொன்னார்: "போதுஞ் சாமி. இனி நீ வெளையாட வேண்டாம்."