மேத்ஸ் மேடத்தின் கறிவேப்பிலை மரம்

ஊட்டியிலிருந்து ருக்மணியின் மகன் தொலைபேசியில் இரண்டு வாக்கியங்கள் சொன்னார். "அம்மா காலைல தவறிட்டாங்க மேடம். மரத்த என்ன பண்றதுங்க?" அங்கே உறைபனி தொடங்கியிருந்தது. இரண்டாவது வாக்கியத்தின் அவசரம் எனக்குப் புரிந்தது.

கோவைக் கல்லூரியில் எங்களோடு பணியாற்றிய உங்களுக்கு நினைவிருக்கும்: ருக்மணி கணிதம், நான் தாவரவியல், பாடத்தின் பெயரே எங்களுக்கும் பெயர். ஓய்வுபெற்று மகனோடு ஊட்டிக்குப் போனபோது, தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலை மரத்தையும் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியில் ஏற்றினார். காய்க்காரர் கொசுறாகத் தருவதற்கு லாரியா என்று கேட்டேன். "கொசுறாக் கெடைக்கறது கொசுறுங்க, பாட்டனி மேடம். இது எங்க ஊட்டு மரம்" என்றார்.

முதல் மார்கழியில், வீட்டுக்குள் வைத்தும் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. எஸ்.டி.டி. பூத்திலிருந்து அழைத்தார். தினமும் வெந்நீர் கலந்து ஊற்றுகிறாராம். குளிரில் அது உறங்குகிறது, தண்ணீரைக் குறையுங்கள் என்றேன்.

"ஊட்டுக்குள்ள வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்காம இருப்பாங்களா?"

"தூங்கறவங்க வாயில ஊத்துனா பொரைதாங்க ஏறும்."

குறைத்தார். என் பேச்சுக்காக அல்ல, தரை ஊறிப்போனதற்காக என்று பிறகு விளக்கமும் தந்தார்.

வெட்டும் விஷயத்தில் அந்த அளவுக்குக்கூட இறங்கவில்லை. கூரையைத் தொட்டுவிட்ட மரத்தை இடுப்பளவுக்கு வெட்டிச் சன்னல் வெயிலில் வைத்தால்தான் பிழைக்கும் என்று ஆண்டுதோறும் சொன்னேன். "வெட்டறதுன்னா உங்களுக்குக் கை தானா வந்துருது. பரீட்சைத் தாள்லயும் மார்க்க இப்படித்தானுங்க வெட்டுனீங்க" என்பார்.

ஒருமுறை நேரில் போனேன். மரத்தைப் பழைய சேலையால் சன்னல் கம்பியில் கட்டி, கூடத்தின் குறுக்கே சாய்த்திருந்தார். வாசலைத் தாண்டியதும் குனிந்தாக வேண்டும். "குனிஞ்சு வந்தா ஒண்ணும் கொறஞ்சு போயறாதுங்க." குனிந்தேன். ஆனால் குளிர்காலம்தோறும் ஒரு கிளை காய்ந்துகொண்டே வந்தது. அதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

காரியங்கள் முடிந்த பின் மரம் கோவைக்கு வந்தது. கத்தரியோடுதான் வாசலுக்குப் போனேன். எனக்கு வேலை வைக்கப்படவில்லை. இடுப்பளவில், நான் சொல்லிவந்த அதே இடத்தில், மரம் வெட்டப்பட்டிருந்தது. வெட்டுவாயில், அடிபட்ட முழங்காலுக்குப் பூசுவதுபோல், மஞ்சள் குழைத்துப் பூசியிருந்தது. மகனை விசாரித்தேன்.

"போன மாசம் அம்மாவே வெட்டுனாங்க. பாட்டனி மேடத்துக்குத் தெரியவேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க."

அவரை அறிந்த உங்களுக்கு இதில் வியப்பிருக்காது.

மரம் இப்போது என் முற்றத்தில் நிற்கிறது. கோவை வெயிலில் அதற்கு என் உபதேசம் தேவைப்படவில்லை. பங்குனியில் ஒரு கிளை அளவுக்கு மீறி நீண்டது, வெட்டினேன். பிறகு உள்ளே போய், மஞ்சள் குழைத்து வந்து பூசினேன். அதனால் மரத்துக்குப் பயன் உண்டென்று நான் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை. ருக்மணியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.